ஏழாம் நம்பர் மலை பூத்த கதை

எனக்குச் சித்திரம் வராது. அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், அடக்கமும் எனக்கு வராது. ஆசிரியர் நியமனம் கிடைத்த புதிதில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் கரும்பலகையில் ஒரு யானை வரைந்தேன். வரைந்து முடித்து, கையில் இருந்த சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டே திரும்பி, "இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். வகுப்பே ஒரே குரலில் "அடுப்பு, டீச்சர்!" என்றது. ஒரு பிள்ளை மட்டும் எழுந்து நின்று, "இல்ல டீச்சர், கொழுந்து லொறி" என்றது. (அந்தப் பிள்ளைக்கு நான் இன்றுவரை நன்றியுடையவள். பெரிய சாமான் என்பதையாவது கண்டுபிடித்ததே.)

அந்த அவமானத்தில்தான் நுவரெலியாவில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் சித்திர வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் அப்படித்தான் சொன்னேன். உண்மையில் யானை பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் மண்டபத்துக்கு எதிரே இருந்த பார்மசியில், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெயர் ஜெரோம். அம்மாவின் முட்டிவலிக்குத் தைலம் வாங்கப் போன இடத்தில் பழக்கம். பழகிய இரண்டு வருஷத்தில் எங்கள் வீட்டில் பதினான்கு போத்தல் தைலம் சேர்ந்துவிட்டது. அம்மாவுக்கு இருந்தது இரண்டே இரண்டு முட்டிதான். பதினைந்தாவது போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பையன் யாருடி?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னது சுலபம். ஜெரோமின் அப்பாவிடம் சொல்வதுதான் ஆகாத காரியம். அவர் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் கண்டாக்கு ஐயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டாக்கு என்றால் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைகளுக்கெல்லாம் பொறுப்பான உத்தியோகத்தர். தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கீழே, ஆனால் என் அம்மாவைப் போலக் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு ஆகாயத்துக்குச் சற்றுக் கீழே. மூத்த மகன் காதலித்துக் கட்டிக்கொண்டதற்காக அவனோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்த மனிதர். "இன்னொருத்தன் லவ்வுன்னு வந்தா, இந்த வாசப்படி அவனுக்கு இல்ல" என்று வேறு அறிவித்திருந்தார்.

ஆகவே நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். ஜெரோமின் தூரத்து மாமா ஒருவர் மூலம், பூண்டுலோயாப் பக்கம் நல்ல பிள்ளை இருக்கிறது, டீச்சர், கோயிலுக்குப் போகிற குடும்பம் என்று சம்பந்தம் பேச வைத்தோம். ஐயாவும் சம்மதித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். நானும் ஜெரோமும் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்ளப் போகிறோம். (பாவம், தைலம்தான் சாட்சி.)

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

எங்கள் சித்திர மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெற்ற பிறகும் குளிருக்குப் பழகி இங்கேயே தங்கிவிட்டவர். முதல் நாள் நான் ஒரு வாழைப்பழத்தை அச்சு அசலாக வரையப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "என்ன பிள்ளை, கருவாடோ?" என்று கேட்டார். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்து மனமிரங்கி, "உள்ளதை உள்ளபடி எடுக்கிறதுக்கு ஒரு ஃபோனே காணும் பிள்ளை. நீங்கள் உங்கட மனசில இருக்கிறதைப் போடுங்கோ. இல்லாததைப் போடுங்கோ. அதுதான் கற்பனை" என்றார்.

வரைய வராதவளுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? அன்றிலிருந்து நான் எதையும் உள்ளபடி வரையவில்லை. ஊதா நிறத்தில் மலைகள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டி, மலைக்கு அடிகிடி பட்டிருச்சா?" என்றார். எனக்கு ரசனை இல்லாதவர்கள் மேல் இரக்கம்தான் வந்தது. மூன்று மாதத்தில் நான் ஓவியர் ஆகிவிட்டேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

பெண் பார்க்கும் நாள் நெருங்கியபோது, ஐயாவுக்கு என் கையாலேயே ஒரு படம் வரைந்து கொடுத்தால் அவர் உருகிப்போவார் என்று எனக்குத் தோன்றியது. எதை வரைவது? ஜெரோம் தன் ஃபோனில் ஒரு புகைப்படம் காட்டினார். ஐயா ஓய்வு பெற்றுத் தோட்டத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று அவரே எடுத்தது. "அப்பாவோட ஏழாம் நம்பர் மலை. அப்பாவுக்கு நாங்க எல்லாம் அப்புறந்தான். ஏழாம் நம்பர்தான் மூத்த புள்ள" என்றார். ஒரு பக்கம் தவளை மாதிரி ஒரு பெரிய கல், உச்சியில் ஒற்றை யூகலிப்டஸ் மரம், நடுவே வரிசை வரிசையாகத் தேயிலை. ஓரத்தில் ஒரு கொடிக்கயிறு, அதில் ஐயா இடுப்பில் கட்டுகிற, நீலக் கட்டம் போட்ட சாரம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

படத்தை அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு ஐந்து சனிக்கிழமை போராடினேன். கல் நன்றாக வந்தது. (தவளை வரையப் போனால் எனக்குக் கல்தான் வரும். கல் வரையப் போனதால் தவளை வந்தது. கணக்குச் சரியாகிவிட்டது.) சாரமும் நன்றாக வந்தது, அந்த மூலைக்கு அது ஒரு அழகு என்று கட்டம் கட்டமாக இழைத்தேன். ஆனால் தேயிலை? நான்கு விதப் பச்சை கலந்தேன். நான்கும் சேர்ந்து ஒரே சேறாகி, மலை முழுக்கப் பாசி பிடித்த சிமெந்துத் தரையாக நின்றது. அழுகை வந்த அந்த நேரத்தில் தூரிகையிலிருந்து ஒரு சொட்டு வெள்ளை அதன்மேல் விழுந்தது. துடைத்தேன், பரவியது. சரி, இது ஒரு பூ என்று நடுவில் மஞ்சள் புள்ளி வைத்தேன். அடடா! தனியாக நின்றால் நன்றாக இல்லையே என்று பக்கத்தில் இன்னொன்று. காது குடைகிற பஞ்சுக் குச்சியை வெள்ளையில் தோய்த்து ஒற்றி ஒற்றி, ஒரு மணி நேரத்தில் ஏழாம் நம்பர் மலையை அடிவாரத்திலிருந்து உச்சிவரை பூக்க வைத்துவிட்டேன். மாஸ்டர் வந்து பார்த்துக் கண் கலங்கினார். "இப்பதான் பிள்ளை இது படம்!"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். கொழுந்து எடுக்கிற அம்மாவின் மகள். ஆனால் "மலைப்பக்கம் காலு வச்சே, ஒடிச்சிருவேன். நீ படிக்கணும்" என்று சொல்லியே அம்மா என்னை வளர்த்தார். ஆறாம் வகுப்பிலேயே கன்னியர் மடத்து விடுதியில் கொண்டுபோய்ப் போட்டும்விட்டார். எனவே செடிகளின் ஒளித்தொகுப்பை வரைவிலக்கணத்தோடு சொல்லத் தெரிந்த எனக்கு, தேயிலையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதில் சீனி போட்டுக் குடிக்கலாம் என்பதுதான். சின்ன வயதில் லயத்துக்குப் பின்னால், ஓடைக் கரையில் யாரும் தொடாத செடிகளில் வெள்ளைப் பூ பறித்துத் தலையில் வைத்திருக்கிறேன். அந்தச் செடிகளில் மட்டும் ஏன் பூ இருந்தது என்று ஒரு நாளாவது யோசித்திருந்தால் இந்தக் கதை இல்லை. வெயிலைத் தவிர வேறெதையும் விளைவிக்கத் தெரியாத ஊரிலிருந்து வந்த மாஸ்டருக்கும் அது தெரிய நியாயமில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை காட்டியிருக்கலாம். ஆனால் எனக்கு எல்லாருக்கும் ஆச்சரியம் கொடுக்க வேண்டும். பளபளக்கிற தாளில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஐயா வாசலில் வந்து நின்றதும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அம்மா விருட்டென்று எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றுவிட்டார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் முப்பது வருஷம் கண்டாக்குமார் முன்னால் நின்ற பழக்கம். உடம்பு தானாக எழுந்துவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. "உக்காருங்கம்மா, நான் இன்னிக்கு சம்பந்தி" என்றார் ஐயா. அம்மா நாற்காலியின் நுனியில் மட்டும் உட்கார்ந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற அப்பா, பேசினால் தப்பாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டு வடைத் தட்டை நீட்டியபடியே இருந்தார். ஐயாவின் மனைவி ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜெரோம் தன் பங்குக்கு நடித்தார். "உங்க பேரு என்னங்க?"

"ஸ்டெல்லாங்க."

"ஓ! நல்ல பேரு. டீச்சரா இருக்கீங்களாமே?"

(இரண்டு நாளுக்கு முன்புதான் அதே வாய், "ஏய் லூசு, மறக்காம மஞ்சள் சாரி கட்டு" என்று சொல்லியிருந்தது.)

எல்லாம் நன்றாகப் போனது. ஐயா சிரிக்கக்கூடச் செய்தார். நாள் குறிக்கலாம் என்ற பேச்சு வாய்வரை வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் நான் பெருமையோடு எழுந்து போய், பொதியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். "உங்களுக்காக நானே வரைஞ்சதுங்க."

தாளைப் பிரித்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய உதடு துடித்தது. ஆனந்தக் கண்ணீர் வரப்போகிறது என்று நான் கைக்குட்டையைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"ஏழாம் நம்பரு" என்றார்.

"ஆமாங்க!"

"எத்தனை மாசமா கொழுந்து எடுக்கல?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. அம்மா எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அடிப்பாவி" என்றார். என் இடுப்பில் கிள்ளி, காதுக்குள் சொன்னார்: "ஏழு நாளைக்கு ஒருக்கா ரவுண்டு வந்து கொழுந்து எடுக்கிற மலையில பூ ஏதுடி? ஆளு போகாம கைவிட்ட மலைதான்டி இப்படிப் பூக்கும். அந்த மனுசன் வேலையே செய்யலன்னு எழுதி, அவரு மடியிலயே வச்சிருக்க!"

முப்பது வருஷம் ஒரு மனிதர் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட மலையை, பஞ்சுக் குச்சியால் காடாக்கிக் கொண்டுவந்து பரிசு கொடுத்திருக்கிறேன். அதுவும் உச்சிவரை. ஒரு செடி விடாமல்.

அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துப் பேச்சு வந்துவிட்டது. "அது பூ இல்லைங்கய்யா. கொக்கு."

"இத்தனை கொக்கா?"

"பனிங்கய்யா" என்று அம்மா குறுக்கே பாய்ந்தார். "காலையில பனி விழுந்தா இப்படித்தான் வெள்ளையா இருக்கும்."

"பனி விழுந்தா செடி கருகிப் போயிரும்மா. அப்ப என் மலை கருகிருச்சுங்கிறீங்களா?"

ஐயா படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். மலையைச் சோதித்துப் பழகிய கண், ஒவ்வொரு மூலையாக இறங்கிக்கொண்டே வந்தது. தவளைக் கல்லில் வந்து நின்றது.

"இந்தக் கல்லு இப்படிச் சாஞ்சாப்புல தெரியணும்னா ஒரே ஒரு எடத்துலதான் நிக்கணும். எங்க பழைய குவார்ட்டஸ்ல, சோறாக்குற குசினி வாசல்ல. நீங்க எப்பம்மா அங்க வந்தீங்க?"

"இன்டர்நெட்ல இருந்திருக்கும்பா" என்றார் ஜெரோம்.

"எங்க குசினி வாசலு இன்டர்நெட்ல இருக்கா?" என்ற ஐயாவின் விரல், மெல்ல அந்த மூலைக்குப் போனது. "சரி. இது என்ன?"

வகுப்பில் பிள்ளைகள் என் படத்தைப் பார்த்து ஒரு தடவையாவது சரியாகச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கியவள் நான். ஒருவர் என் படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்கிறார். பதில் எனக்குத் தெரிகிறது. வாய் முந்திக்கொண்டது.

"அது உங்க சாரம்ங்க."

முதன்முதலாக அன்றைக்குச் சந்திக்கிற பெண்ணுக்கு, மாமனாரின் சாரம் எது என்று எப்படித் தெரியும்? ஜெரோம் கண்ணை மூடிக்கொண்டார். ஐயா படத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போவோம்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் இரண்டு வருஷமும் போயிற்று. வாய்விட்டு அழுதுவிட்டேன். வெட்கம் மானம் பார்க்கிற நிலையில் நான் இல்லை. மஞ்சள் சாரியில் மூக்கைத் துடைத்தேன்.

"உக்காருங்க."

சொன்னது ஐயாவின் மனைவி. அதுவரை வடையோடு வடையாக இருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பூத்திச்சுங்க" என்றார் கணவரிடம். "நீங்க காலை ஒடச்சிக்கிட்டு ஆஸ்பத்திரியிலயும் வீட்டுலயுமா படுத்துக் கெடந்தீங்களே, அந்த நாலஞ்சு மாசம் ஏழாம் நம்பருக்கு ஆளே போடல. மேலேருந்து கீழ வரைக்கும் பூத்திச்சு. இதே மாதிரி. நான் தெனமும் குசினி வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே தேத்தண்ணி குடிப்பேன். கல்யாணம் கட்டி வந்த நாள்லேருந்து அந்த மலைய எனக்குப் புடிச்சது அப்ப மட்டுந்தான்."

ஐயா மனைவி பக்கம் திரும்பினார். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஒடஞ்ச காலோட போயி செடியையெல்லாம் கவ்வாத்து வெட்டியிருப்பீங்க."

என் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கண்டாக்கு ஐயா ஒருவர் முன்னால் என் அம்மா சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அது சரி, போட்டோ?" என்றார் ஐயா விடாமல்.

"நான்தான் புடிச்சேன். நான்தான் இந்தப் புள்ளைக்குக் குடுக்கச் சொல்லி அனுப்பினேன். சாரத்தைக் காயப்போட்டதும் நான்தான். இன்னும் என்ன கேக்கணும்?"

(இப்போது என் அத்தையாகிவிட்ட அவருக்கு இன்றுவரை ஃபோனில் புகைப்படம் எடுக்கத் தெரியாது. எடுத்தால் அவருடைய கட்டைவிரல்தான் விழும்.)

அது பொய் என்று தெரியாத ஆள் அந்த அறையில் யாருமில்லை. ஐயாவுக்கும் தெரியும். அவர் மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், அழுது வீங்கிய என் மூக்கைப் பார்த்தார். கடைசியில் உட்கார்ந்து, ஒரு வடையை எடுத்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பூவையெல்லாம் அழிச்சிரணும்" என்றார்.

"ஒரு பூ கொறையக் கூடாது. படம் எனக்கு" என்றார் அத்தை.

கல்யாணம் நடந்தது. எட்டு வருஷமாகிறது. படம் ராகலையில் அவர்கள் வீட்டுக் குசினியில், அத்தை தேத்தண்ணி குடிக்கிற இடத்துக்கு எதிரே தொங்குகிறது. எங்கள் இரண்டு வீட்டிலும் கழுவாத பாத்திரம் குவிந்தாலும், ஜெரோம் நான்கு நாள் சவரம் செய்யாவிட்டாலும், "ஏழாம் நம்பர் பூத்திருச்சு" என்றால் போதும், எல்லாருக்கும் விளங்கும். பள்ளிக்கூடத்தில் நான் இப்போதும் யானை வரைகிறேன். அது இப்போதும் அடுப்புதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அடிவாரத்துப் பூக்கள் சில காணாமல் போயிருப்பதைக் கவனித்தேன். மலிவான பெயின்ட், உதிர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் ஒரு வரிசையே காணோம். அதற்கடுத்த மாதம் பார்த்தால், காணாமல் போன வரிசையில் பூக்கள் திரும்ப வந்திருந்தன. என்னுடையதைவிடப் பெரிதாக, அரிசி மாவுக் கோலப் புள்ளி போல. அன்றைக்கு என் மகள் தன் பெயின்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தாள். "அம்மா, தாத்தா வீட்டுக்கு வந்தா என் பச்சை மட்டும் முடிஞ்சு போகுது!"

இப்போது மாமாவாகிவிட்ட ஐயாவின் நகக்கண்ணைப் பார்த்தேன். பச்சை.

ஏழு நாளைக்கு ஒரு தடவை, அத்தை பூசைக்குப் போன பிறகு, மாமா ரவுண்டு வருகிறார். கீழேயிருந்து மேலே, ஒரு வரிசை தப்பாமல், பூவைப் பச்சையால் மூடிக் கொழுந்து வைத்துக்கொண்டு போகிறார். வார நாளில் அவர் தூங்கும்போது அத்தை பூக்க வைக்கிறார். அந்த மலை இப்போது கான்வஸை விட்டு அரை அங்குலம் வெளியே வந்து நிற்கிறது. இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. சாரத்தை மட்டும் அத்தை தொடவில்லை. மாமாதான் என் கட்டங்கள் சரியில்லை என்று திருத்திப் போட்டிருக்கிறார். நேராக இருக்கிறது, நான் வரைந்ததைவிட நன்றாக இருக்கிறது. எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது.

போன ஞாயிறு புறப்படும்போது மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா ஸ்டெல்லா, ஒங்க மாஸ்டரு இன்னும் கிளாஸ் வைக்கிறாரா?"

"வைக்கிறாரு மாமா. ஏன்?"

"இல்ல... இந்தக் கொழுந்துப் பச்சை எனக்குச் சரியா வர மாட்டேங்குது."

குசினிக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவரைச் சேர்த்துவிடு தாயி. அப்படியே வர்றப்ப எனக்கு ஒரு வெள்ளை டியூப்பு வாங்கிட்டு வா. பெருசா பார்த்து வாங்கு."